ஐஸ் உருகுன மாசத்துல உயரம் ஏறுன கிரீன்லாந்து: கிரையோசாட்-2, ஜூலை 2012

2012 ஜூலைல கிரீன்லாந்து ஐஸ் கிட்டத்தட்ட பூரா நனைஞ்சு போச்சு. தென்மேற்கு பக்கம் காங்கர்லுஸ்ஸுவாக்-ங்கற ஊர்ல வாட்சன் ஆறு பொங்கி, ஜூலை 11 அன்னிக்கு பாலத்தையே அடிச்சுக்கிட்டு போயிடுச்சு. அதே சமயத்துல 717 கிமீ உயரத்துல சுத்திட்டிருந்த கிரையோசாட்-2-ங்கற ஐரோப்பிய சேட்டிலைட் எடுத்த ரேடார் டேட்டாவை பாத்தா, கிரீன்லாந்தோட நடுப்பகுதில ஐஸ் மேற்பரப்பு அரை மீட்டருக்கு மேல உசந்துட்ட மாதிரி காட்டுது. உருகுற சீசன்ல உயரம் ஏறுது! கருவி ரிப்பேர் ஆகல, ரேடார் தன் வேலைய ஒழுங்காத்தான் செஞ்சுது. அப்புறம் எப்படி இந்த நம்பர் வந்துச்சு, எதனாலன்னு எப்படி புடிச்சாங்க, அதுக்கப்புறம் என்னத்த மாத்துனாங்கன்னு முழுசா எழுதறேன், கொஞ்சம் நீளமாத்தான் போகும்.

முதல்ல ஒரு விஷயம் தெளிவா இருக்கணும். "சேட்டிலைட் ஐஸ் தடிமனை அளந்தது"ன்னு நியூஸ்ல போடுவாங்க, ஆனா இந்த சேட்டிலைட்டுங்க தடிமனை நேரா அளக்கறதே இல்ல. அதுங்க அளக்கறது நேரத்தை. கீழ ஒரு பல்ஸ் அனுப்பும், அது பட்டு திரும்பி வர எவ்ளோ நேரம் ஆச்சுன்னு பாக்கும், அவ்ளோதான். கிரையோசாட் உயரத்துலேர்ந்து போயிட்டு வர சுமார் 4.8 மில்லிசெகண்ட் ஆகும், அதுல 1 நானோசெகண்ட் தப்பு பண்ணா உயரத்துல 15 செமீ தப்பு. கிரீன்லாந்து ஐஸ் நடுவுல 3 கிமீ தடிமன் இருக்கு, இந்த ரேடார் அதை ஊடுருவி அடிப்பாறை வரைக்கும் எல்லாம் போகாது, மேல்பரப்பு போன வருஷம் எங்க இருந்துச்சு இந்த வருஷம் எங்க இருக்குன்னு மட்டும்தான் சொல்லும், பாறை பெருசா அசையலன்னு வெச்சுக்கிட்டா அந்த வித்தியாசம்தான் தடிமன்ல வந்த மாற்றம். இதுல "மேல்பரப்பு"ன்னு சொன்னேன் பாருங்க, இந்த கேஸ் முழுக்க அந்த ஒரு வார்த்தைலதான் மாட்டிக்கிட்டு நிக்குது.

சேட்டிலைட்டோட ஜாதகம்

கிரையோசாட்-2-ன்னு பேர் இருக்கே, அப்ப 1 எங்கன்னு கேப்பீங்க. அது கடலுக்குள்ள கிடக்கு. 2005 அக்டோபர் 8, ரஷ்யாவோட பிளெசெட்ஸ்க்லேர்ந்து ராக்கட் ராக்கெட்ல ஏத்துனாங்க (ராக்கெட்டோட பேரே ராக்கட்தான், டைப்பிங் மிஸ்டேக் இல்ல). ரெண்டாவது ஸ்டேஜ் இன்ஜினை நிறுத்தச் சொல்ற கமாண்ட் கன்ட்ரோல் சிஸ்டத்துல விட்டுப்போச்சு, இன்ஜின் எரிபொருள் தீர்ற வரைக்கும் எரிஞ்சுக்கிட்டே இருந்துச்சு, மூணாவது ஸ்டேஜ் பிரியவே இல்ல, மொத்தமும் ஆர்க்டிக் கடல்ல விழுந்துச்சு. மூணு வருஷம் முன்னாடி 2002 மார்ச்ல இதே இடத்துலேர்ந்து இதே வகை ராக்கெட்ல போன கிரேஸ்ங்கற சேட்டிலைட் ஜோடி நல்லபடியா போய் சேந்துச்சு, இது அதிர்ஷ்டம் கெட்ட பிள்ளை. ஐரோப்பிய விண்வெளி அமைப்பான ஈசா நாலஞ்சு மாசத்துலயே, 2006 பிப்ரவரில, திரும்ப கட்டலாம்னு முடிவு பண்ணி, இந்த தடவை உள்ள இருக்குற முக்கியமான ரேடாருக்கு ஒரு ஸ்பேரும் சேத்து வெச்சு, 2010 ஏப்ரல் 8 அன்னிக்கு பைக்கோனூர்லேர்ந்து டினெப்பர் ராக்கெட்ல அனுப்புனாங்க. அது பழைய சோவியத் ஏவுகணைய மாத்தி செஞ்ச ராக்கெட்.

அந்த ரேடார் பேரு சைரல். 13.575 கிகாஹெர்ட்ஸ், கு-பேண்டுங்கற அலைவரிசை, அலைநீளம் 2.2 செமீ. இதுக்கு முன்னாடி இருந்த ஈஆர்எஸ், என்விசாட் சேட்டிலைட்டுங்க எல்லாம் 81.5 டிகிரி அட்சரேகையோட நின்னுடும், துருவத்தை சுத்தி பெரிய ஓட்டை விழும், கிரையோசாட் 88 டிகிரி வரைக்கும் போகும். மூணு மோடுல வேலை செய்யும்: கடல் ஐஸ் மேல போனா ஒரு மோடு, ஐஸ் பரப்போட சரிவான ஓரங்கள்ல ரெண்டு ஆன்டெனாவையும் சேத்து எந்த பக்கத்துலேர்ந்து எக்கோ வருதுன்னு பாக்குற மோடு, அப்புறம் நடுவுல இருக்குற சமதளமான பகுதிக்கு பழைய ஸ்டைல் சாதா மோடு. கடைசி மோடுல ஒவ்வொரு பல்ஸும் தரைல ஒன்றரை கிலோமீட்டருக்கு மேல அகலமான வட்டத்தை ஒட்டுமொத்தமா பாக்கும். நம்ம பிரச்சனை வந்தது இந்த சாதா மோடு ஏரியாலதான்.

அந்த வாரம்

ஜூலை 8 வாக்குல கிரீன்லாந்து ஐஸ் பரப்புல சுமார் 40 சதவீதத்துல மேல்பரப்பு உருகிட்டிருந்துச்சு. இது ஒண்ணும் அதிசயமில்ல, சாதாரண கோடைலயே பாதி பரப்பு வரைக்கும் உருகும், உயரமான இடத்துல உருகுன தண்ணி பெரும்பாலும் அங்கயே திரும்ப உறைஞ்சுடும். ஆனா ஜூலை 12-க்குள்ள அந்த 40, 97 ஆயிடுச்சு. நாலே நாள். வெப்பமான காத்து ஒரு கூடாரம் மாதிரி மேல வந்து குந்திக்கிச்சு.

இதை முதல்ல கவனிச்சவர் நாசாவோட ஜெட் புரொபல்ஷன் லேப்ல இருந்த சன் ங்கியெம், அவர் பாத்துட்டிருந்தது இஸ்ரோவோட ஓஷன்சாட்-2 சேட்டிலைட் டேட்டா. பாத்தவுடனே அவருக்கே நம்பிக்கை வரல, டேட்டால தப்பு இருக்குமோன்னுதான் முதல்ல சந்தேகப்பட்டிருக்கார். அப்புறம் நாசா சேட்டிலைட்ல இருக்குற மோடிஸ் கருவி காட்டுன வெப்பநிலை, அமெரிக்க ராணுவ சேட்டிலைட்டோட மைக்ரோவேவ் டேட்டா எல்லாத்தையும் வெச்சு பாத்தா எல்லாம் ஒரே கதையத்தான் சொல்லுது. 3,200 மீட்டர் உயரத்துல இருக்குற சம்மிட் ஸ்டேஷன்லயே உருகியிருக்கு. அங்க தோண்டி எடுத்த ஐஸ் கோர்ல (நீளமான ஐஸ் உருளை) இதுக்கு முன்னாடி இந்த மாதிரி உருகுன தடம் 1889-ல இருக்கு.

இங்க ஒண்ணு கவனிக்கணும். இந்த மூணு கருவியும் சொன்னது "மேல்பரப்பு ஈரமாயிருக்கு"ன்னு மட்டும்தான். எவ்ளோ ஐஸ் போச்சுன்னு இதுங்களுக்கு தெரியாது. அதுக்கு உயரம் அளக்குறதோ எடை பாக்குறதோ வேணும்.

உயரம் அளக்க அப்ப யார் இருந்தா? நாசாவோட ஐஸ்சாட் லேசர் 2009-லயே செத்துப்போச்சு, அதோட வாரிசு ஐஸ்சாட்-2 போறதுக்கு இன்னும் ஆறு வருஷம் இருக்கு. என்விசாட் அதே 2012 ஏப்ரல்ல திடீர்னு பேச்சை நிறுத்திடுச்சு. ஆக, துருவ ஐஸுக்குன்னு மேல மிச்சம் இருந்தது கிரையோசாட்-2 ஒண்ணுதான். அது சொன்னதை குறுக்கு விசாரணை பண்ண துருவ ஐஸுக்குன்னு இன்னொரு சேட்டிலைட் உயரமானி இல்ல.

எடை பாக்க கிரேஸ் இருந்துச்சு. ரெண்டு சேட்டிலைட், ஒண்ணுக்கு பின்னாடி ஒண்ணு சுமார் 220 கிமீ தூரத்துல ஓடும், கீழ கனமான ஏதாவது வந்தா முன்னாடி போறது கொஞ்சம் வேகமா இழுக்கப்படும், நடுவுல இருக்குற தூரம் மாறும், அந்த மாற்றத்தை மைக்ரோமீட்டர் கணக்குல அளந்து கீழ எவ்ளோ எடை இருக்குன்னு சொல்லும். அதோட கணக்குப்படி 2012-ல கிரீன்லாந்து இழந்தது சுமார் 464 ஜிகாடன், அதாவது 46,400 கோடி டன். 360 ஜிகாடன் போனா உலகம் பூரா கடல்மட்டம் 1 மிமீ ஏறும், அந்த அளவுகோல்ல பாத்துக்கோங்க. ஆனா கிரேஸுக்கு கண்ணு மங்கல், முன்னூறு கிலோமீட்டர் அகலத்துக்கு குறைஞ்ச விஷயத்தை அதால பிரிச்சு சொல்ல முடியாது. மொத்தமா எடை குறைஞ்சிருக்குன்னு சொல்லும், நடுப்பகுதில மேல்பரப்புக்கு என்ன ஆச்சுன்னு அதுகிட்ட கேக்க முடியாது.

எக்கோக்குள்ள என்ன இருந்துச்சு

காரணத்தை புரிஞ்சுக்க, நடு கிரீன்லாந்தோட மேல்தளம் எப்படி இருக்கும்னு தெரியணும். அங்க கண்ணுக்கு தெரியுற மேல்பரப்பு ஐஸே இல்ல, ஸ்னோ. விழுந்த ஸ்னோ மேல ஸ்னோ விழுந்து, அமுங்கி அமுங்கி பல பத்து மீட்டர் ஆழத்துலதான் உண்மையான ஐஸ் ஆகும், நடுவுல இருக்குற அந்த பாதி அமுங்குன நிலைக்கு ஃபிர்ன்னு பேரு. உலர்ந்த ஸ்னோவும் ஃபிர்னும் கு-பேண்ட் ரேடாருக்கு பாதி கண்ணாடி மாதிரி. பல்ஸோட ஒரு பங்கு மேல்பரப்புல பட்டு திரும்பும், மிச்சம் உள்ள பல மீட்டர் இறங்கி அங்கங்க சிதறி லேட்டா வரும். திரும்பி வர்ற எக்கோவை கிராஃபா போட்டா செங்குத்தா ஏறாம சாய்வா, சோம்பலா ஏறும். அந்த ஏத்தத்துல எந்த புள்ளி மேல்பரப்புன்னு ஒரு சாஃப்ட்வேர் முடிவு பண்ணும், அதுக்கு ரீட்ராக்கர்னு பேரு. எக்கோ சாய்வா இருந்தா அது தேர்ந்தெடுக்குற புள்ளி நிஜ மேல்பரப்புக்கு கொஞ்சம் கீழதான் விழும். வருஷா வருஷம் ஒரே அளவு கீழ விழுந்தா பரவாயில்ல, நமக்கு வேண்டியது வித்தியாசம்தானே, கழிச்சா தப்பும் கழிஞ்சு போயிடும். 2012 ஜூலை வரைக்கும் அந்த நம்பிக்கைலதான் வண்டி ஓடுச்சு.

ஜூலைல என்ன ஆச்சுன்னா மேல இருந்த ஸ்னோ உருகி, அந்த தண்ணி கொஞ்சம் கீழ இறங்கி, சில நாள்ல திரும்ப உறைஞ்சு கெட்டியான ஐஸ் தகடா ஆயிடுச்சு. வடமேற்குல நீம்னு ஒரு ஐஸ் துளையிடுற கேம்ப் இருந்துச்சு, அங்க இருந்தவங்க இந்த உருகி உறைஞ்ச அடுக்கை நேர்லயே பாத்தாங்க. பஞ்சு மெத்தைல பந்தை போட்டா உள்ள அமுங்கித்தான் எழும்பும், அதே மெத்தை மேல ஒரு பலகைய போட்டுட்டு பந்தை போட்டா டக்குன்னு மேலயே திரும்பும், மெத்தை உசரம் ஒண்ணும் ஏறல. ரேடாருக்கு அதுதான் நடந்துச்சு. முன்னாடி உள்ள இறங்கி சிதறுன பல்ஸ் இப்ப தகட்டுல பட்டு கூர்மையா, சீக்கிரமா திரும்புது. ரீட்ராக்கர் புள்ளி மேல நகருது. உயரம் ஏறிடுச்சுன்னு ரிசல்ட் வருது.

யோஹான் நில்சன் தலைமைல ஒரு குழு 2015-ல இதை அளந்து எழுதுனாங்க: மாயமா ஏறுன உயரம் 56 செமீ, கூட்டல் கழித்தல் 26. நேரத்துல சொன்னா நாலு நானோசெகண்டுக்கும் கம்மி. கேக்க சின்னதா இருக்கு, ஆனா பெருக்கிப் பாருங்க. கிரீன்லாந்து ஐஸ் பரப்பு மொத்தம் 17 லட்சம் சதுர கிமீ, அதுல வெறும் 5 லட்சம் சதுர கிமீ-ல அரை மீட்டர் தப்பா ஏறுனாலே 250 கன கிமீ ஐஸ் இல்லாத இடத்துல புதுசா முளைச்ச கணக்கு. ஜெர்மனியோட துருவ ஆராய்ச்சி மையமான அல்ஃப்ரெட் வேகனர் இன்ஸ்டிட்யூட் ஆளுங்க இதே சேட்டிலைட்டை வெச்சு 2011-லேர்ந்து 2014 ஆரம்பம் வரைக்கும் போட்ட கணக்குல கிரீன்லாந்து இழந்தது வருஷத்துக்கு சுமார் 375 கன கிமீ. அதாவது தப்பு, அளக்க வந்த விஷயத்தோட சைஸுக்கே கிட்ட வந்துடும். அதுவும் எதிர் திசைல. இதை கவனிக்காம விட்டா வரலாறு காணாத உருகல் நடந்த வருஷம், "பரவாயில்ல, இந்த வருஷம் கம்மி"ன்னு பதிவாகியிருக்கும்.

எப்படி சரி பண்ணாங்க

ஒரே ஒரு மருந்து இல்ல. ஒரு வழி, ரீட்ராக்கரை மாத்துறது: எக்கோ கிராஃப் ஏற ஆரம்பிக்குற இடத்துலயே, உச்சத்துல 20, 25 சதவீதம் வந்தவுடனே அதுதான் மேல்பரப்புன்னு எடுத்துக்கறது. உள்ளேர்ந்து சிதறி வர்றது லேட்டாத்தான் வரும்ங்கறதால ஆரம்ப பகுதில அதோட கலப்படம் கம்மி, அதனால தகடு இருந்தாலும் இல்லாட்டியும் புள்ளி அவ்ளோ நகராது. ஆனா டேட்டால இரைச்சல் (நாய்ஸ்) கூடும். இன்னொரு வழி, எக்கோவோட உருவத்தையே சாட்சியா வெச்சுக்கறது: உயரம் மாறுனப்ப எக்கோவோட பலமும் ஏத்தத்தோட சரிவும் சேந்து மாறியிருந்தா, மாறுனது ஐஸ் இல்ல, ஸ்னோவோட குணம்னு கழிச்சுடறது. மூணாவது, 2012 ஜூலைக்கு மாடல்ல தனியா ஒரு படி வெச்சு அந்த தாவலை மட்டும் வெட்டி எடுக்கறது. இந்த மூணாவது எனக்கு அவ்ளோ பிடிக்கல. ஏன்னா அதே மாசத்துல நிஜமாவே உயரம் இறங்கியும் இருக்கு, ஸ்னோ உருகி சுருங்குனா மேல்பரப்பு கீழ வரும், படிய வெட்டும்போது அந்த நிஜ இறக்கமும் கூடவே போயிடும். ஒட்டுப்போட்ட வேலைதான், ஆனா ஒண்ணும் பண்ணாம விடறதுக்கு இது மேல்.

2016-ல மால்கம் மெக்மில்லன் குழு இதையெல்லாம் கணக்குல எடுத்து, கூடவே ஸ்னோ மாடலையும் சேத்து, 2011-லேர்ந்து 2014 வரைக்கும் வருஷத்துக்கு 269 ஜிகாடன், கூட்டல் கழித்தல் 51-ன்னு முடிச்சாங்க. கிரேஸ் எடை பாத்து சொன்னதோட இது ஒத்துப்போற ரேஞ்சுதான்.

தகடு என்ன ஆச்சுன்னா, அது எங்கயும் போகல, அடுத்தடுத்த குளிர்காலத்து ஸ்னோ மேல விழுந்து புதைஞ்சுக்கிட்டே போச்சு. அதனால தப்பும் ஒரே நிலைல நிக்காம வருஷா வருஷம் மெல்ல கரையும், தகடு கீழ போகப் போக ரேடாரும் கூடவே கீழ இறங்கும், அப்ப இல்லாத இறக்கம் ஒண்ணு டேட்டால தெரியும். ஏறுனதும் பொய், அப்புறம் இறங்குனதுல ஒரு பங்கும் பொய்.

கடல் ஐஸ்ல இதே வியாதி தலைகீழா

இதை ஏன் இங்க கொண்டு வர்றேன்னா, ஸ்னோக்குள்ள ரேடார் எவ்ளோ தூரம் போகுதுங்கற கேள்வி கடல் ஐஸ்ல இன்னும் மோசமா கடிக்கும். மிதக்குற ஐஸ்ல தடிமனை, தண்ணிக்கு மேல எவ்ளோ எட்டிப் பாக்குதுங்கறதை வெச்சு கணக்கு போடுவாங்க. ஐஸ்ல விழுந்த விரிசல்ல தெரியுற கடல் தண்ணிய ஒரு தடவை அளப்பாங்க, பக்கத்து ஐஸை ஒரு தடவை, வித்தியாசம்தான் எட்டிப் பாக்குற உயரம். ஐஸ் 20 செமீ வெளிய தெரியுது, அது மேல 20 செமீ ஸ்னோ, தண்ணியோட அடர்த்தி கன மீட்டருக்கு 1024 கிலோ, ஐஸுக்கு 917, ஸ்னோவுக்கு 320-ன்னு போட்டா தடிமன் 2.5 மீட்டர் வருது. அந்த 20-ஐ 25-ன்னு தப்பா படிச்சா 3 மீட்டர்! மேல 5 செமீ தப்பு, கீழ கிட்டத்தட்ட அரை மீட்டர் தப்பு.

ரேடார் ஸ்னோவை முழுசா தாண்டி ஐஸ்ல போய் முட்டுதுன்னு வெச்சுக்கிட்டுத்தான் இந்த கணக்கு. ஆக, கடல் ஐஸ்காரங்க ரேடார் ஸ்னோவை தாண்டணும்னு வேண்டிக்கணும், நிலத்து ஐஸ்காரங்க தாண்டவே கூடாதுன்னு வேண்டிக்கணும், ரெண்டு பேருக்கும் அதே ஒரு ரேடார். சரி, அந்த ஸ்னோ எவ்ளோன்னு எப்படி தெரியும்? ரொம்ப வருஷம் பயன்படுத்துனது 1954-லேர்ந்து 1991 வரைக்கும் மிதக்குற ஐஸ் மேலயே குடியிருந்த சோவியத் ஸ்டேஷன் ஆளுங்க குச்சி வெச்சு அளந்த சராசரி. 2013-ல செய்மூர் லேக்ஸன் குழு கிரையோசாட்-2 வெச்சு ஆர்க்டிக் ஐஸ் கன அளவை முதல் தடவை வெளியிட்டப்ப, புதுசா உறைஞ்ச ஐஸ் மேல அந்த பழைய ஸ்னோ அளவுல பாதிய மட்டும் எடுத்துக்கிட்டாங்க. 2003-லேர்ந்து 2008 வரைக்கும் ஐஸ்சாட் அளந்ததோட ஒப்பிட்டா, 2010, 2011 இலையுதிர் காலத்துல 4,291 கன கிமீ கம்மின்னு வந்துச்சு. அந்த பேப்பர் வெளிவர்றதுக்கு முன்னாடியே, 2013 ஜனவரி 2 அன்னிக்கு, லேக்ஸன் ஒரு விபத்துல காலமாயிட்டார். கடல் ஐஸ் தடிமனை ரேடார்ல அளக்கலாம்னு வழி போட்டவங்கள்ல முக்கியமான ஆள்.

கோடைல இன்னொரு தொல்லை. ஐஸ் மேல குட்டை குட்டையா தண்ணி தேங்கும், விரிசல்ல தெரியுற கடல் தண்ணியும் குட்டையும் ரேடாருக்கு ஒரே மாதிரி பளபளன்னு தெரியும். அதனால மே-லேர்ந்து செப்டம்பர் வரைக்கும் வருஷக்கணக்கா தடிமன் டேட்டாவே கிடையாது, 2022-ல ஜாக் லேண்டி குழு டீப் லேர்னிங் வெச்சு பிரிச்செடுத்துத்தான் 12 மாசத்துக்கும் கணக்கு வந்துச்சு.

ரெண்டாவது சாட்சி

2012 கேஸ்ல இல்லாதது லேசர். அது 2018 செப்டம்பர் 15 அன்னிக்கு ஐஸ்சாட்-2 ரூபத்துல வந்துச்சு. பச்சை ஒளி, 532 நானோமீட்டர், செகண்டுக்கு 10,000 பல்ஸ். ஒவ்வொரு பல்ஸ்லயும் சுமார் 20 லட்சம் கோடி ஃபோட்டான் கிளம்புது, திரும்பி வந்து டெலஸ்கோப்ல மாட்டுறது ஒரு டஜன். அந்த ஒரு டஜனைத்தான் ஒவ்வொண்ணா டைம் பண்றாங்க. பச்சை ஒளி ரேடார் மாதிரி மீட்டர் கணக்குல உள்ள போகாது, ஸ்னோவோட தலையிலயே முட்டி திரும்பிடும். மேகம் வந்தா மட்டும் லேசருக்கு கண்ணு தெரியாது, அங்க ரேடார்தான்.

ரெண்டும் வெவ்வேற பாதைல ஓடுறதால ஒரே ஐஸை ஒரே நாள்ல பாக்குறது அபூர்வம். அதனால 2020 ஜூலைல ஈசா கிரையோசாட்-2-ஐ ஒரு கிலோமீட்டருக்கும் கொஞ்சம் கம்மியா மேல தூக்குனாங்க. அந்த சின்ன தூக்கல்ல அது 19 சுத்து சுத்துறதும் ஐஸ்சாட்-2 20 சுத்து சுத்துறதும் பொருந்தி, சில மணி நேர இடைவெளில ரெண்டும் ஒரே கோட்டு மேல போக ஆரம்பிச்சுது. லேசர் ஸ்னோவோட தலைய சொல்லுது, ரேடார் அதுக்கு கீழ எங்கயோ ஒரு இடத்தை சொல்லுது, கழிச்சா நடுவுல இருக்குறது என்னன்னு கையோட தெரியுது. எனக்கு இந்த மொத்த கதைலயும் ரொம்ப பிடிச்ச வேலை இதுதான், புது சேட்டிலைட் இல்ல, புது கருவி இல்ல, பழைய வண்டிய லேசா நகத்தி நிறுத்துனாங்க, அவ்ளோதான். மூணு மூணரை வருஷம் ஓடுனா போதும்னு கட்டுன வண்டி அது.

2024 கடைசில நிதின் ரவீந்தர் குழு ரெண்டையும் வெச்சு கிரீன்லாந்தை கணக்கு பாத்தப்ப, ரேடாரும் லேசரும் 3 சதவீதத்துக்குள்ள ஒத்துப்போச்சு. 2010-லேர்ந்து 2023 வரைக்கும் கிரீன்லாந்து சராசரியா 1.2 மீட்டர் மெலிஞ்சிருக்கு, ஓரங்கள்ல உருகுற பகுதில 6.4 மீட்டர், மொத்தம் 2,347 கன கிமீ ஐஸ் காணோம். அதுல எந்த வருஷத்துல அதிகம் போச்சுன்னு பாத்தா 2019-ம், நம்ம 2012-ம்தான், ரெண்டுலயும் 400 கன கிமீ-க்கு மேல.

அடுத்து வரப்போற கிறிஸ்டல் சேட்டிலைட்ல கு-பேண்டோட கா-பேண்டும் சேந்தே இருக்கும். கா-பேண்டுக்கு அலைநீளம் இன்னும் குறைவு, அது ஸ்னோக்குள்ள அவ்ளோ ஆழம் இறங்காது. 2013 பிப்ரவரில ஸ்ரீஹரிகோட்டாலேர்ந்து போன இந்திய-பிரெஞ்சு சேட்டிலைட் சரல் ஏற்கனவே கா-பேண்ட்ல அளந்து காட்டுனதுதான், ஆனா தனியா. 2012 ஜூலை மாதிரி இன்னொரு வாரம் வந்தா, ரெண்டு பேண்டுக்கும் நடுவுல இருக்குற இடைவெளி திடீர்னு சுருங்கும், தகடு விழுந்திருக்குன்னு அந்த வாரமே தெரிஞ்சுடும், மூணு வருஷம் கழிச்சு பேப்பர் வர்ற வரைக்கும் காத்திருக்க வேண்டாம்.